பாட்டு மாமியிடம் கேட்டது

என் ஏழு வயது மகளுக்கு இடது காது கேட்காது. மயிலாப்பூர் பாட்டு வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கடைசி வரிசையில்தான் உட்கார வேண்டும். மாமி பாடுவது அங்கே அவள் காதில் சரியாக விழவில்லை. நானே போய்ச் சொல்லிவிடலாமா என்று தவித்தேன். கடைசியில், அவளே இடம் மாற்றித் தரச் சொல்லட்டும் என்று முடிவுசெய்து, வீட்டில் நான் மாமியாக உட்கார்ந்து ஒத்திகை நடத்தினேன்.

வகுப்பன்று வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றேன்.

"மாமி, நேக்கு இடது காது கேக்காது. முன்னாடி உக்காரட்டுமா?"

"அடி அசடே! நீ தாளம் போடறதப் பாத்து, நான்தான் தப்பாப் பாடறேனோன்னு நெனச்சிண்டிருந்தேன். வா, பக்கத்துல உக்காரு."

வகுப்பே சிரித்தது. மகள் நகரவில்லை.

"இன்னொண்ணு மாமி. அம்மா வாசல்ல பயந்துண்டு நிக்கறா. உள்ள கூப்பிடுங்கோ."

இது ஒத்திகையில் இல்லை. சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போனேன். எனக்காகவும் அவள் பேசுவாள் என்று நான் நினைத்ததே இல்லை.