சுலைமான் அண்ணனின் வெறுஞ்சோற்றுச் சட்டம்

சுலைமான் அண்ணன் பதினோரு வருடம் எங்களுக்குக் கால்பந்து பழக்கினார். ஒரு கோப்பைகூட வாங்கித் தரவில்லை. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அன்றைய பினாங்குத் துறைமுகத்தில் கிடையாது. நானும் சிரித்தவன்தான். அவர் அணிக்குக் கோல் காப்பவன் என்பதால் கொஞ்சம் அடக்கிச் சிரித்தேன்.

காலையில் காவடிக் கம்பில் சோறும் குழம்பும் சுமந்து வந்து, மூட்டை தூக்கும் எங்களுக்கு விற்பார். சாயங்காலம் எங்களையே திடலில் ஓடவிட்டு, பிறகு சோறும் போடுவார். அங்கேதான் அவருடைய சட்டம். ஆட்டத்தில் தப்புச் செய்தவன், நடுவர் பார்க்காவிட்டாலும் கையைத் தூக்க வேண்டும். மறைத்தால் குழம்பு கிடையாது, வெறுஞ்சோறுதான். அவருடைய மீன் குழம்பைத் தின்ற எவனும் இதை லேசான தண்டனை என்று சொல்ல மாட்டான்.

1932இல் எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரே ஆயர் ஈத்தாம் ஊர் அணி. எங்கள் பந்துச் சங்கத்தின் தலைவர் ராமதாஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "இன்னிக்கும் கோப்பை இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்குவோம், சுலைமான்."

மனுஷனுக்கு முகம் செத்துவிட்டது. எங்களை விட்டால் அவருக்கு வேறு உலகம் ஏது?

அணிக்கு ஒரு கோல். முடிய ஐந்து நிமிடம். உயர வந்த பந்தை நாகூர் மீரான் வலைக்குள் தள்ளினான், தலையால் அல்ல, முழங்கையால். நடுவர் கவனிக்காமல் கோல் என்று விசில் ஊதினார். எங்கள் ஆட்கள் துள்ளினார்கள். மீரானின் வலது கை மெல்ல மேலே எழுந்தது.

"டேய், கைய எறக்குடா!"

கோட்டுக்கு வெளியே நின்று கத்தியது யார் என்கிறீர்கள்? சாட்சாத் சுலைமான் அண்ணன்தான்.

மீரான் இறக்கவில்லை. பதினோரு வருடம் குழம்புக்குப் பயந்து பழகிய கை அது. கோல் ரத்தானது. கடைசி நிமிடத்தில் ஆயர் ஈத்தாம்காரர்கள் ஒன்று போட்டார்கள், அதுவும் என் காலிடுக்கில். கோப்பையும் போயிற்று, அண்ணனின் பதவியும் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் புதுப் பயிற்சியாளர் திடலில் காத்திருந்தார். நாங்கள் பதினோரு பேரும் அங்கே போகாமல் சுலைமான் அண்ணனின் சோற்றுக் கூடையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வலது கையைத் தூக்கினார்.

மீரான் எழுந்து, ஒரு தட்டில் சோறு வைத்து அவர் முன் நீட்டினான்.

"கொளம்பு?" என்றார்.

"கைய நேத்தே தூக்கியிருக்கணும்ணே. இன்னிக்கு வெறுஞ்சோறுதான்லா."

கண் கலங்கச் சிரித்துக்கொண்டே, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.