மேலேரிக்கு நான் எழுதிய அர்ஜி

பங்குனி கடைசியில், வடக்கே திரும்பிப் போகும் உள்ளான்கள் பாலசமுத்திரம் பக்கத்து மேலேரியில் நாலைந்து நாள் தங்கிப் போகும். பெரிய பறவை என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். கணுக்கால் அளவு தண்ணீரும் சேறும் இருந்தால்தான் அலகை விட்டுப் புழு பொறுக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பத்து வருடம் கரையில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டது. பார்த்தேனே தவிர, எனக்கு உறைக்கவில்லை.

போன வருடம் ஊர்க்காரர்கள் ஏரியைத் தூர்வாரச் சொல்லி ஆபீசுக்கு அர்ஜி, அதாவது மனு, போட வேண்டும் என்றார்கள். ஊர் ஆந்திரா எல்லைக்குள் இருப்பதால் தெலுங்கில் எழுத வேண்டும், நான் சித்தூரில் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். எழுதிக் கொடுத்தேன். தண்ணீர் கூடினால் பறவையும் கூடும் என்று என் புத்திக்குத் தோன்றியது. “கரையோரம் வரைக்கும் ஆழமாக” என்று யாரும் எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் சேர்த்தேன். பொக்லைன் வந்தது. பின்னாலேயே மழையும் வந்தது.

இந்தப் பங்குனியில் முதல் பஸ் பிடித்துப் போய்க் கரையேறினேன். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் கிணற்றுச் சுவர் மாதிரி செங்குத்து. நடுவில் இரண்டு நீர்க்காகங்கள், அவ்வளவுதான். வெயில் ஏறும் நேரத்தில் உள்ளான் கூட்டம் வந்தது. தாழ இறங்கிக் காலை நீட்டியது, நிற்க இடமில்லாமல் மேலே எழும்பியது. இப்படி மூன்று சுற்று. நான் கரையில் நின்றுகொண்டு, ஏதோ அவற்றுக்குக் கேட்கப்போகிற மாதிரி, “இறங்கு, இறங்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாவது சுற்று வரவில்லை. பனைமரங்களைத் தாண்டிக் கீழேரிப் பக்கம் போய்விட்டது.

வரப்பில் விழுந்தடித்து ஓடினேன். கீழேரியில் யாரும் கை வைக்கவில்லை, பாதிக்கு மேல் சேறு. மேற்குக் கரையோரம் மொத்தக் கூட்டமும் இறங்கித் தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தது. அங்கேயே கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஏரிக்குக் கீழே வேர்க்கடலை போடும் அக்கா ஒருவர் உண்டு. வருடா வருடம் என்னைப் பார்த்துச் சிரிப்பவர். அன்று சிரிக்கவில்லை, நேராக வந்தார்.

“மேலேரிக்கு அர்ஜி எழுதனவன் நீதான தம்பி? கைராசிக்காரன்னு ஊரே பேசிக்கினு கீது. மேலேரிக்குக் கீழ எங்க ஓரகத்தி வூட்டு போர்ல தண்ணி பொத்துக்கினு வருது. எங்க போர்ல காத்துதான் வருது. ரெண்டு வருசமா கடலை கருகிப் போச்சி. இந்த ஏரிக்கும் ஒன்னு எழுதிக் குடு. அதே மாதிரி, ஒரு எழுத்து மாறக் கூடாது.”

“எழுதறேன்க்கா. மேற்குக் கரை ஓரத்த மட்டும் தோண்டாம உட்டா இன்னா? இதுங்க அங்கதான் துன்னும்.”

அவர் திரும்பிப் பார்த்தார். “இதுங்களுக்கா? ரெக்க கீதில்ல, வேற ஏரிக்குப் போவட்டும். எனக்கு ரெக்க கீதா?”

மனிதர்கள் பேச்சில் நல்லதாக ஒன்று விழுந்தால் பறவை நோட்டின் பின்பக்கம் குறித்துவைப்பது என் வழக்கம். அன்று அதே பக்கத்தைக் கிழித்து முழங்காலில் வைத்து அர்ஜி எழுதினேன். கடைசியில் மேற்குக் கரையை விட்டுவிடும்படி ஒரு வரி சேர்த்தேன். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். அந்த வரி வந்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

“அது இன்னாத்துக்கு? குருவிக்கு சேறு உடணும்னு எழுதனா ஆபீசுல சிரிப்பானுங்க. வெளையாட்டுன்னு மொத்தத்தையும் தூக்கிப் போட்ருவானுங்க. அட்ச்சிடு, நைனா.”

அந்த ‘நைனா’வில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அவர் கால் வெடிப்பில் செம்மண் காய்ந்திருந்தது.

அடித்தேன். அடித்தல் திருத்தல் இருந்தால் ஆபீசில் வாங்கமாட்டார்கள் என்று இன்னொரு தாளைக் கிழித்துச் சுத்தமாக முதலிலிருந்து எழுதினேன். “கரையோரம் வரைக்கும் ஆழமாக” என்பதையும் எழுதினேன். மேலேரிக்கு எழுதியதில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

தாளை மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு, என் மடியில் ஒரு பிடி வேர்க்கடலையைப் போட்டுவிட்டுப் போனார். போன வருடத்துக் கடலை, சுருங்கியிருந்தது. சாயங்கால பஸ் வரைக்கும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளான்கள் தின்றுகொண்டே இருந்தன.