குனிந்தவளைத் தள்ளிய அக்கா

என் அக்கா கசுமி ஜூடோவில் தேசியச் சாம்பியன். முழங்கால் அறுவைக்குப் பிறகு, அவள் வேலை பார்த்த நிறுவனத்தின் அணி அவளை விட்டுவிட்டது. இருபத்தெட்டு வயதில் கூண்டுச் சண்டைக்குப் போனாள். அங்கே குத்தலாம், உதைக்கலாம், விழுந்தவளையும் அடிக்கலாம். எல்லாம் கற்றுக்கொண்டாள். முறைக்க மட்டும் வரவில்லை.

"கோயிலுக்கு வந்தவ மாதிரி நிக்காத. திட்டு, தள்ளு. இல்லாட்டி எவன் டிக்கெட் வாங்குவான்?" என்றாராம் ஏற்பாட்டாளர் ஒகினாகா.

முதல் சண்டை நட்சுனோவோடு. எங்கள் யட்சுஷிரோ ஊர்ப் பெண், பள்ளி ஜூடோ குழுவில் அக்காவுக்கு இளையவள்.

முந்தைய நாள் எடை பார்க்கும் நிகழ்ச்சி ஒசாகாவில் நடந்தது. அம்மாவும் நானும் கைப்பேசியில் பார்த்தோம். முறைத்துக்கொள்ள இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். நட்சுனோ பழக்கத்தில் இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். அக்கா அந்த நொடியில் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். குனிந்திருந்தவள் எதையும் பார்க்கவில்லை. பின்னால் சாய்ந்து விழுந்தாள். கூட்டம் சிரித்தது. தூக்கிவிடப் போன அக்காவின் கை பாதியில் நின்றது.

"அது விளம்பரம்மா. நிஜமில்ல," என்றேன்.

"விழுந்தது நிஜந்தானே?"

அம்மா மீன் வடைக் கடையைச் சாத்திவிட்டு இனிப்புப் பெட்டி ஒன்று வாங்கினாள். "அவ வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கணும். நீயும் வா. காலேஜ் படிச்ச ஒரே ஆளு நீதான். மரியாதையாப் பேசுவ."

நட்சுனோவின் அம்மா முடிதிருத்தகம் வைத்திருக்கிறார். தலையில் சாயத்தோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அம்மா வாசலிலேயே குனிந்தாள், நிமிரவில்லை.

"நிமிருங்கக்கா," என்றார் நட்சுனோவின் அம்மா. "நாங்கதான் உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தோம். குனியாத குனியாதன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க, இந்த மக்கு மறந்துட்டா. கசுமி அக்காவைக் கெட்டவளாக்கிட்டேனேன்னு போன்ல ஒரே அழுகை."

"விழுந்தது அழகா விழுந்தா. ஜூடோக்காரி இல்லையா," என்றார் சாயத் தலை.

வழியெல்லாம் நான் அடுக்கி வைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. விளம்பரம் என்ற சொல்லை அந்த வாசலில் எப்படிச் சொல்வது? தேநீர் கொடுத்தார்கள். கிளம்பும்போது தலை அளவுக்கு ஒரு பம்பளிமாஸ் பழமும் கொடுத்தார்கள்.

மாலையில் அக்கா பேசினாள்.

"போனீங்களாமே. கோவமா இருந்தாங்களா?"

"இல்ல. பம்பளிமாஸ் குடுத்தாங்க."

"அம்மா எங்கடா?" என்றாள்.

பக்கத்தில் நின்ற அம்மா வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"குளிக்கிறாங்க."

மறுநாள் சண்டையையும் கைப்பேசியில் பார்த்தோம். முதல் சுற்றிலேயே அக்கா நட்சுனோவைத் தூக்கி எறிந்தாள். கீழே கிடந்தவளைக் குத்தவில்லை. கையை மடக்கிப் பிடித்தாள். நட்சுனோ அவள் தோளைத் தட்டிச் சரணடைந்தாள். கை பட்டதுமே அக்கா விட்டுவிட்டாள். இருவரும் தலை தாழ்த்திக்கொண்டார்கள். அம்மா மூச்சு விட்டாள்.

ஒகினாகா ஒலிவாங்கியை நீட்டி, முதல் வரிசையைக் காட்டினார். அடுத்த போட்டிக்கானவள் அங்கே இருந்தாள். அவளைச் சீண்ட வேண்டும்.

"இனிமே சொல்ல மாட்டா," என்றாள் அம்மா.

அக்கா ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள். "அடுத்தது நீதான். பாயை விரிச்சு வை, வந்து படுக்க வைக்கிறேன்." பள்ளியில் செய்யுள் ஒப்பிக்கும் குரல். கண் தரையிலேயே இருந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

அம்மா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு எந்த ஊரு?"

"அகிதா. ரொம்ப தூரம்மா."

"ரயில் போகுமில்ல," என்றாள்.