நாக்கில் வைக்காத தண்ணீர்

பரங்கிப்பேட்டை அப்துல் மஜீதைப் பற்றிப் பேச வந்தால் அவருடைய நாக்கிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வெள்ளாற்று முகத்துவாரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் உதவியாள். ஆற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்பினால் போதும், கடல் எவ்வளவு, ஆறு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். உப்பு அளக்கும் கண்ணாடிக் கருவி உடைந்து இரண்டு மாதமாகியும் யாரும் கவலைப்படவில்லை. பாயே இருக்கும்போது கருவி எதற்கு?

அந்த நாக்கை நம்பித்தான் அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த கடலூர் ராமாமிர்தம் தன் பூச்சிகளை வளர்த்தார். அரிசி நீளம்கூட இல்லாத கூனல் முதுகுப் பூச்சி. இறாலுக்குத் தூரத்து உறவு. தாய் முட்டைகளை வயிற்றடிப் பையில் சுமக்கும். வெளியே வரும் குஞ்சு சட்டையை உரித்து உரித்து வளரும். தின்னும் மட்கிய இலை, போடும் எச்சம், உரித்த சட்டை, எதையும் விடாமல் எடைபோடுவார் ராமாமிர்தம். தின்றதில் மூச்சுக்கு எவ்வளவு, வளர எவ்வளவு, முட்டைக்கு எவ்வளவு என்பதே அவருடைய இரண்டு வருட ஆராய்ச்சி. பன்னிரண்டு கிண்ணங்களில் பன்னிரண்டு தாய்கள். குஞ்சு பொரிய இரண்டே நாள் இருக்கையில், தங்கை நிச்சயதார்த்தத்துக்குக் கடலூர் போனவர் மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

அறுபத்தெட்டாம் வருஷத்து ரமலான் அது. நோன்பு பிறந்ததிலிருந்து மஜீது தண்ணீரை நாக்கில் வைப்பதில்லை. வைத்தால் நோன்பு முறிந்துவிடும் என்பது அவராகவே கட்டிய முடிவு, யாரிடமும் கேட்கவில்லை. கடல் ஏற்றம் உச்சியில் இருக்கும்போது மொண்டால் உப்பு சரியாக இருக்கும் என்று கண்ணை நம்பினார். ராமாமிர்தம் வராத அன்று காலையும் அப்படியே மொண்டுவந்து கிண்ணங்களில் மாற்றினார். கலங்கலாகத்தான் இருந்தது. மழைக்காலத்தில் கலங்காமல் என்ன செய்யும்?

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து கிண்ணங்களைப் பார்த்தார். பூச்சிகள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. இலை அழுகிவிட்டதா? கிண்ணத்தில் சோப்பு ஒட்டியிருந்ததா? பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று கால் உதறுவதை நிறுத்தியது. விரலை முக்கி நாக்கில் வைத்தார். உப்பே இல்லை. மேற்கே பெய்த மழையெல்லாம் ஆற்றில் இறங்கி, கடலை முகத்துவாரத்திலேயே தடுத்து நிறுத்தியிருந்தது.

வாளியைத் தூக்கிக்கொண்டு மழையில் கடற்கரைக்கு ஓடினார். கடல்நீரைக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒவ்வொரு கலவையையும் நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். முறிந்த நோன்பு இன்னும் எத்தனை தடவை முறியும்? பிற்பகல் அஸர் தொழுகைக்குள் நான்கு பூச்சிகள் நிமிர்ந்தன. ஆனால் நான்கின் பையும் காலி. முட்டைகள் கிண்ணத்தின் அடியில் தூசுபோலக் கிடந்தன.

மாலையில் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அழாத குறையாகச் சொன்னார்.

"தேவைக்கு நாக்குல வச்சிப் பாத்துத் துப்புனா நோன்பு முறியாது மஜீது. உள்ள எறங்கினாத்தான் முறியும்" என்றார் ஹஜ்ரத். "முன்னாடியே ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

நோன்பு பிழைத்ததற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அன்று நோன்புக் கஞ்சியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் ராமாமிர்தம் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். "வெள்ளம்னதும் பயந்துட்டேன் பாய். நீங்க நாக்குல பாக்காம ஊத்த மாட்டீங்களேன்னு நெனச்சதும்தான் தூக்கமே வந்துச்சி."

கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "முட்டைய உதுத்துடுச்சே. உப்பு போச்சின்னா ஒடம்புல இருக்கிற உப்பப் புடிச்சி வக்கவே தின்னதெல்லாம் செலவாயிடும். முட்டைக்கு எங்க மிஞ்சும்?" பேனாவைத் திறந்தார். "வெள்ளம்னு எழுதிடறேன். நீங்க என்னா பண்ணுவீங்க?"

மஜீது தப்பிக்க அந்த ஒரு வார்த்தை போதும்.

"அப்பிடி எழுதாதீங்க சார். நான் நாக்குல வைக்கல."

பேனா நின்றது. "ஏன் பாய்?"

நோன்பின் மேல் பழியைப் போட அவருக்கு மனம் வரவில்லை.

"தெரியாதத யாருகிட்டயும் கேக்காம வுட்டுட்டேன் சார்" என்றார்.