நாற்பது பேர் தூக்கும் வீடு

குடிபூரல் வீட்டில் பால் பொங்குவதற்கு முன்பே பொன்னம்பலம் பேஸ்மென்றுக்கு இறங்கிவிடுவார். தூணைத் தட்டுவார். உத்தரத்தை அண்ணாந்து பார்ப்பார். சுவரோரமாக எட்டுவைத்து நடந்து அளப்பார். பிறகு மேலே வந்து, பலகாரத் தட்டோடு நிற்கும் வீட்டுக்காரரிடம் மெத்தக் கவலையோடு சொல்வார்:

"இருநூறு பேரும் காணாது தம்பி. உது அசையாது."

போன கோடையில், கனடாவின் ஏஜக்ஸ் நகரத்தில் ஒருவர் இதைக் கேட்டு முகம் வெளிறிப்போனார். அத்திவாரத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டார். அந்த வீட்டை விற்றுக்கொடுத்தவர் பொன்னம்பலத்தின் மனைவியின் தம்பி றமேஸ். கோளாறு ஒன்றும் இல்லை, அத்தான் வீடுகளை அளக்கும் விதமே அப்படித்தான் என்று விளங்கவைக்க அவருக்கு அரைமணி நேரம் பிடித்தது. மற்றவர்கள் சதுர அடி பார்ப்பார்கள். பொன்னம்பலம், தூக்குவதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று பார்ப்பார்.

டோர்செட் பார்க்கில் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு அவர்தான் சுப்பர். ஒழுகும் குழாயைப் பூட்டுவதும், அடைத்த தொட்டியைக் குத்துவதும், வாசல் பனிக்கு உப்புத் தூவுவதும் அவர் பாடு. வயது ஐம்பத்தெட்டு. குளியலறை நிரம்பி வெள்ளம் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தாலும், சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். கீழ்த் தளத்தில் அவரும் மனைவி யோகமலரும் இருக்கும் இரண்டு அறை வீடு அந்த வேலையோடு வந்தது. வேலை போனால் அதுவும் போகும். ஆனால் கலியாண மண்டபத்தில் யாராவது வீடு வாங்கியாயிற்றா என்று கேட்டால், கண் சிமிட்டாமல், "ஓம், வீடு இருக்கு" என்பார். எங்கே, மார்க்கம் நகரத்திலா என்பார்கள். "இல்லை, மாரோலா." கேட்டவர் அது வடக்கே எங்கோ புதிதாகக் கட்டுகிற இடம் என்று தலையாட்டுவார். அங்கே புறநகர் கோ ரெயின் போகிறதா என்று ஒருவர் விசாரித்ததும் உண்டு.

மாரோலாவுக்கு ரெயின் இல்லை. தார் றோட்டும் இல்லை. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், கடலை விட்டு ஒரு பகல் முழுக்க மலைக்குள் ஏறினால் வருகிற ஊர் அது. பதினைந்து வருடங்களுக்கு முன் ஒஸ்ரேலியாவுக்கென்று புறப்பட்ட படகு இயந்திரம் பழுதாகி இந்தோனேசியக் கரையில் ஒதுங்கியது. அதில் வந்த பொன்னம்பலம், அங்கே அகதிகளை அடைத்துவைத்திருந்த இடத்திலிருந்து நழுவி, கொக்கோ ஏற்றப்போன வெறும் லொறி ஒன்றில் தொற்றிக்கொண்டார். றோட்டு முடிந்த இடத்தில் லொறி நின்றது, அவரும் இறங்கினார். இரண்டு கிழமை இருந்து பார்ப்போம் என்று நினைத்தவர் நாலு வருடம் இருந்தார். கொக்கோ காயவைத்தார், தண்ணீர்ப் பம்பு திருத்தினார். பொன்னம்பலம் என்ற பெயர் அந்த ஊர் நாக்குகளில் ஏறவில்லை. 'பொன்' என்றதைத் தங்கள் மொழியில் மரத்தைக் குறிக்கும் 'போஹோன்' என்று எடுத்துக்கொண்டு, அவரை மர ஐயா என்றே கூப்பிட்டார்கள்.

இரண்டாம் வருடம் ஊரார் நாற்பது பேர் கூடி, பழைய பலகைகளைச் சேர்த்து, ஆற்றங்கரையில் மர ஐயாவுக்கு ஒரு வீடு நிறுத்திக் கொடுத்தார்கள். கால்களின்மேல் நிற்கிற ஒற்றை அறை வீடு. யாராவது காது கொடுத்தால் போதும், பொன்னம்பலம் அந்த ஊர்ச் சட்டத்தை ஒப்புவிப்பார்: "காணி ஊருக்கு. மரம் நட்டவனுக்கு. விழுந்த பழம் முதல் ஓடினவனுக்கு. வீடு முன்தூண் பிடித்தவனுக்கு." இங்கே வோபர்னில் வேலிக்காக வழக்குப் போட்ட இரண்டு குடும்பங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்னும் உற்சாகமாகிவிடுவார். "அங்கை பக்கத்து வீட்டோடை கோவமெண்டால் கோட்டுக்குப் போறேல்லை. வீட்டைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போறது."

வீட்டு உறுதிப் பேப்பர் ஏதும் இருக்கிறதா என்று றமேஸ் ஒருமுறை தொழில் முறைப்படி கேட்டார்.

"பேப்பர் என்னத்துக்கு? நாப்பது பேர் தோள் குடுத்தவங்கள். போய் அவங்களைக் கேள்."

அவர் கனடா வந்தபின் அந்த வீட்டில் தாஹிரின் மகள் குடியிருக்கிறாள். தாஹிர் அவரோடு கொக்கோ காயவைத்த கூட்டாளி. இந்த ஜனவரியில் தாஹிரின் அழைப்பு வந்தது. ஆறு கரையைத் தின்றுகொண்டு வருகிறது. அடுத்த பெருமழைக்கு வீடு நிற்காது. மேட்டில் தன் வளவுக்குள் தூக்கிவைக்க ஊர் தயார் என்றார். ஆனால் ஊர் வழக்கம் ஒன்று இருந்தது. தூக்கும்போது வீட்டுச் சொந்தக்காரன் வந்து முன்தூணைப் பிடித்தால் வீடு அவனுடையது. வராவிட்டால், வீடு யாருக்கு என்று அவன் வாயால் சொல்லவேண்டும். சொன்ன பிறகு திரும்பக் கேட்க முடியாது.

இத்தனை வருடமாக யோகமலர் அந்த வீட்டைக் கோழிக்கூடு என்றுதான் சொல்லிவந்தார். படத்தில் பார்த்துவிட்டு, அடுப்பு பிழையான மூலையில் இருக்கிறது என்று குறையும் பிடித்தவர். இப்போது அவரே கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ரிக்கற் போட்டுக்கொண்டு போங்கோ. எங்களுக்கெண்டு இருக்கிற வீடு உது ஒண்டுதான்" என்றார். சுற்றுலாக்காரருக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று றமேஸ் யோசனை சொன்னார்.

மூன்று நாள் பொன்னம்பலம் தன் நினைவில் இல்லை. ஒன்பதாம் மாடியில் சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் மாற்றிப் பூட்டிவிட்டு வந்தார். நாலாம் நாள் சாப்பாட்டுக்கு இருந்தவர், சோற்றைப் பிசைந்தபடியே மனைவியிடம் சொன்னார்:

"நான் போய்த் தூணைப் பிடிச்சால் வீடு எனக்கு வரும். ஆனால் தாஹிரின்ரை மகளல்லோ பிள்ளையோடை உள்ளுக்கை இருக்கிறாள்."

 யோகமலர் அவர் சோற்றில் இன்னொரு அகப்பை குழம்பு ஊற்றினார்.

ஞாயிறு பின்னேரம் ஆறு மணி. மாரோலாவில் திங்கள் காலை. கட்டடத்தின் கீழே, உடுப்புத் தோய்க்கும் அறையில் நாலாம் மெசின் தண்ணீர் விடாமல் நின்றுவிட்டது. அதைத் திருத்தப்போன இடத்தில்தான் தாஹிரின் வீடியோ அழைப்பு வந்தது. பொன்னம்பலம் சவர்க்காரத் தூள் பெட்டியில் போனைச் சாய்த்து வைத்தார். ஆறாம் மாடி பேர்ணடெற் அன்ரி மேசையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். போனுக்குள் மழை விட்டிருந்தது. வீட்டின் கால்களைச் சுற்றி மூங்கில்கள் கட்டி, ஊரே தோளில் துணி போட்டுக்கொண்டு நின்றது. ஊர்த் தலைவர் வீடு யாருடையது என்று கேட்டார். தாஹிரின் மகள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள்.

பொன்னம்பலம் தொப்பியைக் கழற்றினார். வீடு அவளுடையது என்று அந்த ஊர் மொழியில் சொன்னார். தலைவர் இன்னொருதரம் கேட்டார், இன்னொருதரம் சொன்னார். பிறகு, தூக்கு என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்லை உரத்துச் சொன்னார்:

"அங்காட்."

வீடு எழும்பியது. கூரை ஒருமுறை ஆடி, நேராகி, எறும்பு தூக்கிய சோற்றுப்பருக்கைபோல் மேட்டை நோக்கி நகர்ந்தது. யாரோ முறை சொல்ல, எல்லோரும் ஒரே குரலில் பதில் கொடுத்தார்கள்.

அண்ணைக்கு உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று பேர்ணடெற் அன்ரி கேட்டார். அவர் காதில் விழவில்லை. போனிலிருந்து கண்ணை எடுக்காமல் குனிந்து, உடுப்பு மடிக்கும் மேசையின் ஒரு மூலைக்குக் கீழே தோளைக் கொடுத்திருந்தார். மேசையின் அந்தக் கால் நிலத்தை விட்டு நாலு விரல் எழும்பி நின்றது. அன்ரி, சரிந்த துவாய் அடுக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அங்கே மேட்டில் வீட்டை இறக்கி, முன்தூணை நிறுத்தி, எல்லோரும் கை எடுக்கும்வரை அவர் அப்படியே நின்றார். பிறகு மேசைக் காலை, சத்தம் கேட்காமல், மெல்ல மெல்ல நிலத்தில் வைத்தார்.