மாத் தண்ணீரும் விதைநெல்லும்

சுனாமியில் கடல் எங்கள் வீட்டைக் கொண்டுபோன பின் சில மாதங்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருந்தோம். பிறகு நற்பிட்டிமுனையில் ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் பக்கத்து வளவில் இருந்தார், சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிறவர். அண்ணன் முறைக்குக் காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். சமையலறையை ஒட்டிய அறையை மட்டும் தன் விதைநெல் மூடைகளுக்கென்று பூட்டி வைத்திருந்தார்.

தோணியை இழந்த என் கணவர் கிடைத்த கூலிவேலைக்குப் போனார். நான் விடியுமுன் ஸுபஹ் தொழுதுவிட்டு இடியப்பம் அவித்துத் தேநீர்க்கடைகளுக்குக் கொடுத்தேன். குடியிருக்கத் தந்த வீட்டில் இப்படித் தொழில் செய்யலாமா என்று நான் காக்காவிடம் கேட்டதில்லை.

யுத்தம் முடிந்த வருசம் சமையலறைச் சிங்கில் தண்ணீர் இறங்க மறுத்தது. இடியப்ப உரலும் மாச் சட்டியும் கழுவிய தண்ணீரெல்லாம் அதில்தானே போனது. கொதிநீர் ஊற்றினேன், ஈர்க்கிலால் குத்தினேன். கொஞ்சம் இறங்கும், பிறகு நிற்கும்.

"காக்காட்டச் சொல்லு" என்றார் கணவர்.

"வீட்ட விடச் சொன்னா புள்ளைகளோட எங்க போற?"

அவரும் சொல்லப் போகவில்லை.

மாரிப்போக விதைப்புக்குச் சில நாள் இருக்கும்போது காக்கா அந்த அறையைத் திறந்தார். புளித்த வாடை முற்றம்வரை வந்தது. சுவரோரம் நிலமெல்லாம் ஈரம். அடி மூடைகள் நனைந்து, சாக்கின் இழைகளுக்குள்ளால் வெள்ளை முளைகள் எட்டிப் பார்த்தன. யுத்தப் பயத்தில் பல வருசம் விதைக்காமல் கிடந்த வயலையும் சேர்த்து விதைக்கவென்று அவர் சேர்த்து வைத்திருந்த நெல் அது. அவர் ஒரு மூடையின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

நான் கிட்டப் போய்ச் சொன்னேன். "காக்கா, சிங்க் அடைச்சு ரெண்டு மாசமாகுது. இடியப்ப மாவாலதான். நான் சொல்லாம விட்டுட்டன்."

அவர் மண்வெட்டியை எடுத்துவந்து சுவரோரம் தோண்டினார். முழங்கால் ஆழத்தில் குழாய் தெரிந்தது. சுவருக்கு அடியில் குழாயின் இரண்டு துண்டுகளையும் வீடு கட்டிய மேசன் ஒட்டாமலே விட்டிருந்தான். அதற்கு அப்பால் குழாய் முழுக்க என்னுடைய மா, சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடந்தது. போக வழியில்லாத தண்ணீர் அந்த இடைவெளியால் அறைக்குள் கசிந்திருந்தது.

"பைப்ப ஒழுங்காப் போட வெக்காதது என்ட பிழை" என்றார் காக்கா. "வீட்டுக்காரன் நான் அதப் பாத்திருக்கணும். மாவ ஊத்தினது உங்கட பிழை. ஆனா ரெண்டு மாசம் என்னத்துக்குத் தங்கச்சி பயந்த?"

"வீட்ட விடச் சொல்லுவீங்களோ எண்டு."

அவர் என்னையும் வாசலில் நின்ற என் பிள்ளைகளையும் பார்த்தார். "கடல் எடுத்தது போதாதா? நானுமா உங்கள வெளிய போடுவன்?"

அழுதுவிட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமல் மூடைகளைப் பிரிக்கத் தொடங்கினார். அழுகியதைக் கோழிகளுக்கு ஒதுக்கினோம். நன்றாக முளைத்திருந்ததைக் கழுவி எடுத்தோம். எப்படியும் ஊறவைத்து முளைகட்டித்தானே விதைக்க வேண்டும் என்றார். சேறடித்து ஆயத்தமாக இருந்த ஒரு வயலுக்கு அன்று பின்னேரமே என் கணவர் அவரோடு போய், விதைத்துவிட்டு இடுப்புவரை சேறோடு வந்தார். மேல் மூடைகள் தப்பியிருந்தன. குறைந்த நெல்லைப் பற்றிக் காக்கா எங்களிடம் கதைத்ததேயில்லை.

அடுத்த நாளே புதுக் குழாய் போட்டார். மாச் சட்டி கழுவும் தண்ணீருக்கு நான் தனி வாளி வைத்தேன். அதை அவருடைய மாட்டுக்குக் கொடுத்தோம்.

அதற்கு மறுநாள் விடியற்காலை அவருடைய மனைவி கையில் ஒரு பீங்கானோடு எங்கள் சமையலறை வாசலுக்கு வந்தார். "இருபது இடியப்பம் வையுங்க. இனி ஒவ்வொரு நாளும் எங்களுக்கும் வேணுமாம், அவர் சொன்னார்" என்றார்.

தொழிலுக்கு நான் கேட்காத அனுமதியை அவர்கள் தந்த விதம் அது. சொந்த வீடு கட்டிப் போகும்வரை இன்னும் மூன்று வருசம், எந்தப் பயமும் இல்லாமல் அங்கே இருந்தோம்.