மரத்துப்போன கை

கால்நடை மருத்துவரான நான் அன்று காலை அடி அண்ணாமலை கிராமத்தில் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்தேன். கன்று பிழைத்தது, பசு செத்துவிட்டது. எனக்கு அழுகைகூட வரவில்லை. அதன் வயிற்றுக்குள் நெடுநேரம் இருந்த வலது கை மட்டும் மரத்துக் கிடந்தது.

அப்படியே அந்த ஊர்ப் பள்ளிக்குப் போய், மாணவர்களிடம் கால்நடை மருத்துவம் படிக்கச் சொல்லிப் பேசினேன். நல்ல வேலை, நல்ல மரியாதை என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் அந்தப் பசுவை வளர்த்த வீட்டு மாணவி இருந்தாள்.

“காலைல எங்க மாடு செத்துப்போச்சே மேடம், அதையும் சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். “இப்பவும் யாருக்காவது இந்தப் படிப்பு வேணுமா?” என்று கேட்டேன்.

அவள் மட்டும் கை தூக்கினாள். “செத்த மாட்டுலேர்ந்து சீம்பால் பீய்ச்சி, கன்னுக்குப் புகட்டிட்டுத்தான் வந்தேன் மேடம். குடிச்சிடுச்சு.”

இப்போதெல்லாம் எந்தப் பள்ளியில் பேசினாலும், செத்துப்போன அந்தப் பசுவிடமிருந்துதான் தொடங்குகிறேன்.